பெரிய ஆயில் ஃபில்டர்: மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது

காலையில் சாவியைத் திருப்பியதும் முதல் மூன்று விநாடிகள் என் பழைய வண்டி பல்லைக் கடிக்கும். தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல இஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து ஒரு சத்தம். பிறகு ஆயில் விளக்கு அணையும், சத்தமும் அடங்கிவிடும். அன்று முழுவதும் ஓட்டினாலும் மறுபடி கேட்காது. இரவு நிறுத்திவைத்து மறுநாள் எடுத்தால் அதே மூன்று விநாடி.

கார்பரேட்டர் காலத்து நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் அது. ஆயில் ஃபில்டர் பக்கவாட்டில், படுத்த நிலையில் மாட்டப்பட்டிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன டப்பா. விட்டம் 76 மி.மீ., நீளம் 75 மி.மீ. அதைச் சுற்றிலும் ஏகப்பட்ட காலியிடம். இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு எதற்கு இத்தனை சிறிய ஃபில்டர் என்று ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் தோன்றும். பெரியதாக ஒன்றை மாட்டினால் இஞ்சினுக்கும் நல்லது, காலைச் சத்தமும் நின்றுவிடும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அதில் பாதி சரி. மறுபாதியின் தவறு இரண்டு லிட்டர் ஆயிலாகத் தரையில் ஓடியது.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபில்டருக்குள் இருப்பது விசிறிபோல மடித்த வடிதாள். அடித்தட்டில் வட்டமாக இருக்கும் சிறு துளைகள் வழியாக ஆயில் உள்ளே வந்து, தாளின் வெளிப்புறத்தைச் சூழ்ந்து, அதை ஊடுருவி நடுக்குழாய்க்குள் இறங்கி, மையத் துளை வழியாக பேரிங்குகளை நோக்கிப் போகிறது. தாளின் பரப்பு கூடினால் அதே அளவு ஆயில் அதிக இடத்தில் பரவிச் செல்கிறது. தடை குறைகிறது, அழுக்கைப் பிடித்துவைக்கும் இடமும் கூடுகிறது. இன்னொன்றும் உண்டு, அதுதான் பெரிய ஃபில்டரின் உண்மையான ஆதாயம் என்பது என் எண்ணம். ஃபில்டருக்குள் பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கிறது. தாளின் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலையே நேராக இஞ்சினுக்கு அனுப்பிவிடும். ஆயிலே இல்லாமல் பேரிங் தேய்வதைவிட அழுக்கு ஆயில் மேல் என்ற கணக்கு. குளிர்ந்த, கெட்டியான ஆயிலில் இஞ்சினை வேகமாகச் சுழற்றும்போது இது திறக்கலாம். தாள் பாதி அடைபட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் திறக்கும். பரப்பு கூடிய ஃபில்டரில் அந்த அழுத்த வேறுபாடு குறைவு. ஆகவே வால்வு திறக்கும் வேளைகளும் குறைவு.

பெரிய ஃபில்டர் செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். அது தானாகவே நுண்ணிய துகள்களைப் பிடிக்காது. அது தாளின் தரத்தைப் பொறுத்தது, டப்பாவின் அளவைப் பொறுத்ததல்ல. ஆயில் பிரஷரையும் அது கூட்டாது. ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிக்கவும் அது அனுமதிச் சீட்டு அல்ல. எரியாத பெட்ரோல், ஈரம், அமிலம் ஆகியவற்றைத் தாள் வடிகட்டுவதில்லை. ஆயிலில் கலந்திருக்கும் வேதிச் சேர்மானங்கள் தீர்ந்துபோவதையும் தடுப்பதில்லை.

இந்த அறிவெல்லாம் பிறகு வந்தது. முதல் முறை நான் செய்தது வேறு. கைக்குக் கிடைத்த பெரிய ஃபில்டர் ஒன்றை எடுத்தேன். விட்டம் 93 மி.மீ., நீளம் 130 மி.மீ. அதன் ரப்பர் வளையத்தைப் பழைய ஃபில்டரின் வளையத்தோடு வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. மையத் துளையை இஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்குழாயில் வைத்துச் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு ஏறியது. பொருந்திவிட்டது என்று மகிழ்ந்தேன். ரப்பர் தொட்டபின் கையால் இறுக்கும்போது வழக்கமாகப் பிடி படிப்படியாகக் கனக்கும். இதில் அப்படிக் கனக்கவில்லை. கொஞ்சம் இறுகியது, கொஞ்சம் நெகிழ்ந்தது, மறுபடி இறுகியது. புது ரப்பர் என்பதால் அப்படி இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

மறுநாள் காலை நல்ல குளிர். வண்டியை ஓடவிட்டு, சோக்கை இழுத்து வைத்துவிட்டு, கீழே இறங்கி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொத்தென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தபோது வண்டிக்குக் கீழே கறுப்பாக ஏதோ பரவிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் சாவியைத் திருப்பி அணைப்பதற்குள் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வெளியே வந்துவிட்டது. உள்ளே ஆயில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அணைக்கும்போதுதான் கண்டேன். இஞ்சின் பிழைத்தது, அது என் சாமர்த்தியத்தால் அல்ல.

பழகிய மெக்கானிக் ஒருவரிடம் அந்த ஃபில்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. வெர்னியரை எடுத்து மரைக்குழாயை அளந்தார், 19 மி.மீ. சொச்சம். ஃபில்டரின் துளையை அளந்தார். பிறகு, "தம்பி, இது பிடித்து நிற்கவில்லை, தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது" என்றார்.

என் இஞ்சினில் இருப்பது முக்கால் அங்குல மரை. அங்குலத்துக்கு 16 சுற்று. மில்லிமீட்டரில் சொன்னால் விட்டம் 19.05, சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஏறத்தாழ 1.59. நான் மாட்டிய ஃபில்டரில் இருந்ததோ எம் 20 மரை. விட்டம் 20, இடைவெளி 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபில்டரின் துளை சற்றே பெரியது என்பதால் தளர்வாக ஏறிவிடுகிறது. ஆனால் மரையின் பற்கள் பாதி ஆழத்துக்குக்கூட ஒன்றையொன்று கவ்வுவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் எதிர்ப்பக்கத் தவறு நடக்கவே வாய்ப்பில்லை. எம் 20 மரைக்குழாயில் முக்கால் அங்குல ஃபில்டர் ஏறவே ஏறாது. தவறு செய்ய முடிகிற பக்கம்தான் சத்தமில்லாமல் இடம்கொடுக்கிறது.

அந்த அரைப் பிடிமானம் எதைத் தாங்க வேண்டியிருந்தது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ரப்பர் வளையத்தின் உள்விட்டம் 62 மி.மீ.; அதற்குள் அடங்கும் பரப்பு சுமார் 30 சதுர சென்டிமீட்டர். குளிர்ந்த ஆயிலில் பிரஷர் 60 பிஎஸ்ஐ வரை போனால் அது சதுர சென்டிமீட்டருக்கு நான்கு கிலோவுக்கும் மேல். பெருக்கிப் பாருங்கள்: 120 கிலோவுக்கு மேற்பட்ட விசை ஃபில்டரை இஞ்சினிலிருந்து பிடுங்கி எறியப் பார்க்கிறது. முதல் நாள் சூடான ஆயிலில், மெதுவான ஓட்டத்தில் இதில் சிறு பங்குதான் இருந்திருக்கும். அதனால்தான் அது என்னை ஏமாற்றியது.

அன்றிலிருந்து எந்த ஃபில்டரையும் இறுக்குவதற்கு முன் இரண்டு சோதனை செய்கிறேன். ரப்பர் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, டப்பாவைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பேன். சரியான மரையில் ஆட்டம் மிகச் சிறியது. தவறான மரையில் தலையாட்டிப் பொம்மைபோல ஆடும். அடுத்து, மரை பிடித்த இடத்திலிருந்து ரப்பர் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுவேன். இரண்டு சுற்றிலேயே தொட்டுவிட்டால் அது எனக்குப் போதாது. மறுபக்கம், மரைக்குழாய் மிக நீளமாக இருந்தால் அதன் முனை ஃபில்டருக்குள்ளே இருப்பதை இடிக்கவும் கூடும். பழைய ஃபில்டரில் எத்தனை சுற்று இருந்ததோ அதற்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்ப்பதே நல்ல அளவுகோல். பழைய ஃபில்டரும் தவறானதாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம். அதனால் மரைக்குழாயையே அளந்து, ஃபில்டர் தயாரிப்பாளரின் அட்டவணையில் மரை அளவைச் சரிபார்ப்பதுதான் முறை. ஒரே இஞ்சினிலேயே இடையில் ஒரு வருடத்தில் மரையை மாற்றியிருப்பார்கள். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் மரைக்குழாயையே மாற்றியிருப்பார். புத்தகம் சொல்வதையும் இரும்பு சொல்வதையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட வேண்டும்.

பற்கள் சிதைந்த மரைக்குழாயை மாற்றிவிட்டு இரண்டாம் முறை இறங்கினேன். இம்முறை மரை சரி, ரப்பர் சரி, டப்பா முன்போலவே பெரியது. தெளிவாக இறுகியது, கசியவில்லை, குளிரிலும் கழன்று வரவில்லை. ஆனால் காலைச் சத்தம் மூன்று விநாடியிலிருந்து ஆறு விநாடி ஆகிவிட்டது.

இரண்டு நாள் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் காலை இஞ்சினை எழுப்பாமலே ஃபில்டரைக் கழற்றினேன். படுத்த நிலையில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றினால் ஆயில் கையெல்லாம் வழிய வேண்டும். ஒரு மூடி அளவுகூட வரவில்லை. இரவோடு இரவாக உள்ளே இருந்ததெல்லாம் சம்புக்கு, அதாவது இஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறங்கிவிட்டிருந்தது. அடித்தட்டின் சிறு துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே ஒரு ரப்பர் மடல் தெரிய வேண்டும். ஆயிலை உள்ளே விட்டு, திரும்பிப் போகாமல் மூடிக்கொள்ளும் தடுப்பு வால்வு அதுதான். இந்த ஃபில்டரில் அப்படி எதுவுமே இல்லை. வாய் மேல்நோக்கி, அடிப்பக்கம் கீழே தொங்குமாறு மாட்டும் இஞ்சின்களுக்காகச் செய்தது அது. அங்கே ஆயில் தானாகவே டப்பாவில் தங்கிவிடும், மடல் தேவையில்லை. என் வண்டியிலோ டப்பா படுத்திருக்கிறது. அதுவும் பெரிய டப்பா. காலையில் அதை நிரப்பிய பிறகுதான் ஆயில் மேலே போகும். சத்தத்தை நிறுத்தப் போய் நான் அதை இரட்டிப்பாக்கியிருந்தேன்.

அப்போதுதான் முதல் மூன்று விநாடிக்கான காரணமும் விளங்கியது. பழைய சின்ன ஃபில்டரில் மடல் இருந்தது. ஆனால் சாதாரண நைட்ரைல் ரப்பர். வெப்பத்தில் நாளாக நாளாக விறைத்து, சரியாகப் படியாமல் கசியவிட்டிருக்கிறது. சிலிக்கோன் மடல் குளிரிலும் சூட்டிலும் நெகிழ்வாக இருக்கும். பெரும்பாலும் கறுப்பு என்றால் நைட்ரைல், ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் சிலிக்கோன். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. காலையில் கழற்றிப் பார்க்கும் அந்தச் சோதனையை நம்பலாம்: டப்பா நிறைய ஆயில் இருந்தால் மடல் வேலை செய்கிறது.

மடலில் அடிபட்ட பிறகு பைபாஸ் வால்வையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். சில இஞ்சின்களில் அந்த வால்வு இஞ்சின் கட்டையிலேயே இருக்கும். அவற்றுக்கான ஃபில்டரில் வால்வு இருக்காது. அந்த ஃபில்டரை, ஃபில்டருக்குள் வால்வை எதிர்பார்க்கும் இஞ்சினில் மாட்டினால், குளிரில் தாள் அடைபடும்போது ஆயிலுக்கு வேறு வழியே இல்லை. தாள் நசுங்கும், கிழியும், அல்லது பேரிங் பட்டினி கிடக்கும். மரையும் ரப்பரும் அச்சாகப் பொருந்தும் இரு ஃபில்டர்களில் ஒன்றில் வால்வு இருந்து மற்றதில் இல்லாமல் போவது சாதாரணம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திறக்கும் அழுத்தமும் ஃபில்டருக்கு ஃபில்டர் வேறு. 8 பிஎஸ்ஐ-யில் திறப்பதும் உண்டு, 20-ஐத் தாண்டித் திறப்பதும் உண்டு. பழைய ஃபில்டரில் வால்வு திறக்கும் அழுத்தம் எதுவோ அதற்கு நெருக்கமாகவே புதியதும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பம்பில் இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வு இதுவல்ல. அது மொத்த பிரஷருக்கு எல்லை கட்டுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எண்களைத் தேடினால் தலை சுற்றும்.

மூன்றாம் முறை தேடலைத் தலைகீழாக்கினேன். பெரிய டப்பாவை எடுத்து அது பொருந்துமா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, என் பழைய ஃபில்டரின் விவரங்களை ஒரு தாளில் எழுதினேன்: மரை, ரப்பரின் உள்விட்டம் வெளிவிட்டம், பைபாஸ் உண்டா, எத்தனை பிஎஸ்ஐ, மடல் உண்டா. இவை அனைத்தும் ஒத்துப்போகும் ஃபில்டர்களை அட்டவணையில் வடிகட்டினேன். மிஞ்சியவற்றில் நீளமானதைத் தேர்ந்தெடுத்தேன். கிடைத்தது அதே 76 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளம், சிலிக்கோன் மடல். பழையதன் அண்ணன் என்று சொல்லலாம். குண்டான டப்பாவைவிட நீளமான டப்பா பழைய வண்டிக்குப் பெரும்பாலும் நல்லது. விட்டம் மாறாததால் பக்கத்தில் இருக்கும் எதையும் இடிக்காது, கழற்றும் கருவியும் அதேதான்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் டப்பாவின் நீளம்தானே, தாளின் நீளம் அல்லவே என்ற உறுத்தல் இருந்தது. ஆகவே கழற்றிய மூன்று ஃபில்டர்களையும் அறுத்துப் பார்த்தேன். இரும்புத் தூள் உள்ளே விழும் என்பதால் ரம்பம் வேண்டாம். சக்கரக் கத்தியால் குழாய் வெட்டுவதுபோல வெட்டுவது சுத்தம். சின்ன ஃபில்டரில் 50 மடிப்பு, ஒவ்வொன்றும் 1.4 செ.மீ. ஆழம், 5 செ.மீ. உயரம். மடிப்புக்கு இரு பக்கம். பெருக்கினால் 700 சதுர சென்டிமீட்டர். இரண்டாவது முறை மாட்டிய அந்தப் பெரிய டப்பாவைத் திறந்தபோது சிரிப்பு வந்தது. தாள் டப்பாவின் பாதி உயரம்தான். மீதி இடத்தை ஒரு நீண்ட ஸ்பிரிங் அடைத்துக்கொண்டிருந்தது. மடிப்புகளும் அகலமாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்தன. பெரிய உடம்பு, சின்ன வயிறு. நீளமான ஃபில்டரில் இரண்டு வாங்கியிருந்ததால் ஒன்றை மாட்டும் முன்பே பலிகொடுத்தேன்: 55 மடிப்பு, அதே ஆழம், 9.5 செ.மீ. உயரம்; 1,460 சதுர சென்டிமீட்டருக்கு மேல். பழையதைப்போல இரண்டு மடங்கு. வீண்செலவு என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அந்த ஒரு கணக்குக்கே அது தகும்.

புது ஃபில்டருக்கு இடம் போதுமா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. இஞ்சின் நின்றிருக்கும்போது இருக்கும் இடைவெளி ஓடும்போது இருப்பதில்லை. பழைய வண்டியில் இஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்திருக்கும். கியர் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இஞ்சின் ஒரு பக்கம் சாயும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக்கி, மாட்டிய ஃபில்டரின் முனைக்கும் எதிரே இருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒட்டி, மேடுபள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். 20 மி.மீ. உருண்டை 14 மி.மீ. ஆக நசுங்கியிருந்தது. அது போதும். சைலன்சர் குழாய் எட்டத்தில் இருந்தது. டப்பா சம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். கல்லடிக்கு முதலில் ஆளாவது எது கீழே தொங்குகிறதோ அதுதான்.

ரப்பர் உட்காரும் முகத்தைத் துடைக்கும்போது பழைய ரப்பர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் கறுத்த இரும்பில் தெரியாது. அதன்மேல் புது ரப்பர் உட்கார்ந்தால் என் முதல் முயற்சியின் மறுநாள் காலைக் காட்சியை நீங்களும் காண்பீர்கள். புது ரப்பரில் ஆயிலைத் தடவி, அது தொட்டபின் டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் கையால் இறுக்கினேன். பொதுவாக முக்கால் முதல் ஒரு சுற்று. கருவி போட்டு இறுக்கத் தேவையில்லை.

ஆயில் அளவு பலர் மறக்கும் விஷயம். என் ஃபில்டர் 45 மி.மீ. நீளம் கூடியிருக்கிறது, கணக்குப்படி 200 மில்லிலிட்டர், உள்ளே இருக்கும் தாளையும் தகரத்தையும் கழித்தால் 150 அளவில் வரும். வழக்கமான அளவை ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, விளக்கு அணைந்ததும் நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பார்த்தேன். குறைந்திருந்ததைச் சிறிது சிறிதாக ஊற்றிச் சரிசெய்தேன். கம்பியில் இருக்கும் கோடுதான் கடைசி வார்த்தை; புத்தகத்தில் இருக்கும் லிட்டர் கணக்கு பழைய ஃபில்டருக்கானது.

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு ஆயில் மாற்றம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் காலையில் கழற்றும்போது டப்பா நிறைய ஆயில் இருந்தது. அறுத்து, தாளை வெளிச்சத்தில் விரித்துக் காந்தத்தைத் தடவிப் பார்த்தேன். பொடிப்பொடியான சாம்பல் நிறத்தூள் கொஞ்சம், அவ்வளவுதான். காலைச் சத்தம் மூன்று விநாடியிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அந்த ஒரு விநாடி, இஞ்சினின் வால்வைத் தள்ளும் டாப்பெட் தேய்ந்ததால் வருவது என்கிறார் மெக்கானிக். அதற்கு எந்த ஃபில்டரும் மருந்தில்லை, தலைப்பகுதியைத் திறந்துதான் ஆக வேண்டும்.